வெள்ளைப் பூ எனக்கு, செவ்வரளி அவளுக்கு

இந்த வருஷம் உயர்ந்தே தீருவது என்று நான் முடிவு செய்தது தீபாவளிக்கு மறுநாள். உடம்பு ஐந்தடி நாலு அங்குலத்தோடு நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. அதை ஒன்றும் செய்ய முடியாது. நான் சொல்வது வாழ்க்கையில் உயர்வதை.

எல்லாம் எங்கள் முதலாளியால் வந்தது. திண்டுக்கல்லில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறார். அங்கே மூத்த விற்பனையாளன் தங்கமுத்து என்றால் நான்தான். சித்தையன்கோட்டையிலிருந்து சிறுமலை அடிவாரம் வரைக்கும் எந்தக் கிணற்றுக்கு எந்த மோட்டார் இழுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட என்னை விட்டுவிட்டு, மீசை இன்னும் முழுதாக முளைக்காத முகேஷ்குமாரை மேனேஜர் ஆக்கிவிட்டார். காரணம் கேட்டேன். அவன் நிறையப் படிக்கிறான் என்றார்.

தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு எல்லோருக்கும் ஒரு புத்தகமும் கொடுத்தார். பளிச்சென்ற சிவப்பு அட்டை. பெயர் ‘உன்னை நீயே தூக்கி விடு’. மற்றவர்கள் இனிப்பைத் தின்றுவிட்டுப் புத்தகத்தைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சர்க்கரை. இனிப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் தின்ன ஆரம்பித்தேன்.

ருசி பிடித்துவிட்டது. அடுத்தடுத்து வாங்கினேன். பேருந்து நிலையத்து நடைபாதைப் புத்தகக்காரர் என்னைத் தூரத்தில் கண்டாலே எழுந்து நிற்கத் தொடங்கினார். கடையில் யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை. அதனாலேயே அடிக்கடி போனேன்.

ஆனாலும் எனக்கு வேதம் அந்தச் சிவப்பு அட்டைதான். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, அன்றைய வாசகத்தை மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆளுயரம் தெரிகிற கண்ணாடி ஒன்றுதான். அது அடுப்படி வாசலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. முதல் நாள் வாசகம், ‘நான் ஒரு சிங்கம்’. மூன்று முறை சொன்னேன். உள்ளே என் மனைவி சண்முகவள்ளி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சிங்கம் பல்லு வெளக்கிருச்சா?" என்று கேட்டாள்.

விளக்கவில்லை. போய் விளக்கினேன்.

நான் தினமும் சத்தம் போட்டு வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு கிளாரா டீச்சர், அண்ணனுக்கு ஏதும் பரீட்சையா என்று விசாரித்திருக்கிறார். ஆமாம், பழைய பாக்கி எழுதுகிறார் என்று வள்ளி பதில் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு டீச்சர் வீட்டில் காலை வேளையில் டிவி சத்தத்தைக் குறைத்து வைக்க ஆரம்பித்தார்கள். நான் படிக்கட்டும் என்ற நல்ல எண்ணம்.

இப்படி நான் மளமளவென்று உயர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் முன்னறை காலியானது.

எங்கள் வீட்டு முன்னறை தெருவைப் பார்த்து இருக்கும். தனிக் கதவு, தனி ஷட்டர். அதில் தையல் கடை வைத்திருந்த சார்லஸ் காலி செய்துகொண்டு மதுரைக்குப் போய்விட்டார். ஷட்டரை இறக்கிச் சாவியை என் கையில் கொடுத்த நிமிஷமே என் மனதில் பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. ‘தங்கமுத்து தன்முன்னேற்றப் பயிற்சி மையம்’. ஒரு சுழல் நாற்காலி. சுவரில் எழுதுபலகை. சனி ஞாயிறுகளில் இளைஞர்களுக்கு வகுப்பு. பேர் எடுத்துவிட்டால் மோட்டார் கடைக்கு ஒரு கும்பிடு. பிறகு ஒருநாள் முகேஷ்குமார் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்பதற்குக் கை தூக்குவான். நான் அவனைப் பார்க்காத மாதிரி பின் பெஞ்சைக் கவனிப்பேன். இந்த இடத்தை மட்டும் மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்தேன்.

வள்ளி மனதிலும் ஒரு பலகை தொங்கியிருக்கிறது. அதில் ‘மாவு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

அவள் கொஞ்ச காலமாக அக்கம்பக்கத்துக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் ஒரு சின்ன கிரைண்டர். அதில் ஓயாமல் அரைத்துக் கல்லைத் தூக்கித் தூக்கி வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. தைலம் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடியும் அரைப்பாள். மாவு வாங்க வருகிற பெண்கள் நடுவீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் சிங்கமாக நிற்கும்போது, தூக்குவாளியோடு நாலு பேர் என்னைத் தாண்டிப் போவார்கள். முன்னறையில் சாய்த்துக் கொட்டுகிற பெரிய மிஷின் ஒன்றைப் போட்டால் கல்லைத் தூக்க வேண்டாம், வருகிறவர்களும் தெருவோடு வாங்கிப் போவார்கள். இது அவள் கணக்கு.

அவள் கையைப் பார்க்கும்போது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் பாவம் பார்க்கிறவன் பாதியிலேயே நின்றுவிடுவான் என்று ஆறாம் அத்தியாயத்தில் இருந்தது.

ஆகவே புத்தக வழியில் இறங்கினேன். முதல் வழி, புன்னகை. எதிராளியின் மனதைத் திறக்கிற சாவி அது என்று போட்டிருந்தது. ஒரு நாள் முழுக்க வள்ளியைப் பார்த்த போதெல்லாம் புன்னகைத்தேன். சாயங்காலம் அவள் என் சட்டைப் பையை, வண்டிப் பெட்டியை, போனை வரிசையாகச் சோதித்தாள். ஒன்றும் சிக்காததால் இன்னும் பயந்துபோய் என் தங்கைக்குப் போன் போட்டு, உங்க அண்ணன் ஏதும் பெரிசா செஞ்சு வச்சிருக்காரா என்று கேட்டாள்.

இரண்டாவது வழி, முதலில் ஒத்துக்கொள்வது. எதிராளி சொல்வதைச் சரி என்று ஆரம்பித்து, மெதுவாக நம் பக்கம் வளைக்க வேண்டும். "நீ சொல்றது சரிதான் வள்ளி" என்று தொடங்கினேன். அவள் அதோடு எழுந்து போய்விட்டாள். வாசலில் அவள் கிளாரா டீச்சரிடம், அவரே சரின்னுட்டாரு என்று சொல்வது கேட்டது. என்னுடைய ‘ஆனால்’ தொண்டையிலேயே கிடந்தது. ஓடிப் போய் அந்த ‘ஆனால்’ஐ டீச்சரிடம் சொல்லி முடிப்பதற்குள் குடும்பச் சண்டை தெருவுக்கு வந்துவிட்டது.

மூன்றாவது வழி, மௌனம். பேசாமல் இருந்தால் எதிராளி தாங்க மாட்டாமல் தானே இறங்கி வருவார் என்பது தத்துவம். இருந்தேன். வீடே அமைதி. வள்ளி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் முகத்தை இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. கடைசியில் என் கைலியை எங்கே வைத்தாள் என்று தெரியாமல் நான்தான் வாயைத் திறந்தேன். "அட, அதுக்குள்ளயா?" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது.

எதுவும் நடக்கவில்லை. ஷட்டர் பூட்டியே கிடந்தது. சாவி என் அரைஞாணில் தொங்கியது. இந்த நிலைமையில், ஒரு புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில், தட்டில் தோசையை வைத்துக்கொண்டே வள்ளி ஒரு யோசனை சொன்னாள்.

"நீங்களும் விட மாட்டீக. நானும் விட மாட்டேன். ஆத்தா கிட்டப் பூக்கட்டிப் பாத்துருவோம்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, கேஸ் போடுவதா என்று மனுஷனுக்கு முடிவு தெரியாதபோது, ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். எந்தப் பூவுக்கு எந்த முடிவு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பூசாரி ஒன்றை எடுப்பார். அதுதான் உத்தரவு. அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொட்டலம் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

வள்ளி பிறந்த ஊர் அகரம். அங்கே வாய்க்கால் மேட்டில் இருக்கிற காளியம்மன் அவள் வீட்டுக்குத் துணை. வெள்ளிக்கிழமை அங்கே போவது என்று முடிவானது.

"உங்களுக்கு வெள்ளைப்பூ. நீங்கதான் வெள்ளை மனசுக்காரரு. எனக்கு செவப்பு போதும்" என்றாள். நான் தலையாட்டினேன். "பொட்டலத்தையும் நீங்களே கட்டிருங்க. எனக்குத்தான் கை வலிக்குதே. மல்லி மார்க்கெட்ல வாங்கிக்கங்க. செவப்புக்கு நம்ம வாசல் செவ்வரளியவே பறிச்சுக்கலாம்."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. இவ்வளவு வெகுளியா இந்தப் பெண்பிள்ளை என்று அன்று இரவு அவள் மேல் ஒரு இரக்கமே வந்தது.

வியாழக்கிழமை காலை கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அன்றைய வாசகத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. எனக்கென்றே எழுதிய மாதிரி இருந்தது.

"வெற்றியாளன் எதையும் அதிர்ஷ்டத்தின் கையில் விடுவதில்லை."

மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. சட்னி தாளித்து முடிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்குப் போய் மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தேன். அதிர்ஷ்டத்தின் கையில் விடக்கூடாது. அம்மன் கையில்? அம்மனும் பூசாரி கையால்தான் எடுக்கிறாள். பூசாரி எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளைப்பூவே இருந்துவிட்டால்? இரண்டிலும் மல்லி. யாருக்கு என்ன தெரியப் போகிறது? எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அது அப்படியே அம்மன் காலடியில் கிடந்து வாடிப்போகும்.

பயமாகத்தான் இருந்தது. காளியம்மனிடம் பித்தலாட்டம் செய்வது லேசான காரியம் இல்லை. மனதுக்குள்ளேயே அவளிடம் பேசினேன். தாயே, இது ஏமாற்று இல்லை, தொழில் முன்னேற்றம். பயிற்சி மையம் நன்றாக ஓடினால் உனக்குப் பட்டு சாத்துகிறேன். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. கடையில் எப்போதும் அந்த நேரத்துக்குப் போவதுதான் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிச்சரம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, சரத்தை இரண்டாக வெட்டி, ஆளுக்குப் பாதி என்று இரண்டு வாழை இலைக் கீற்றில் வைத்து, நார் போட்டுக் கட்டினேன். என்ன ஒற்றுமை. கட்டிய எனக்கே அடையாளம் தெரியவில்லை.

நான் வண்டியைக் கிளப்பும்போது வள்ளி வாசல் ஓரத்துச் செவ்வரளி முன்னால் செத்த நேரம் நின்றாள். சொம்புத் தண்ணீரை அதன் தூரில் ஊற்றினாள்.

"செடி இன்னைக்கு நெறைஞ்சு பூத்து நிக்குது" என்றாள்.

ஆமாம் என்றேன். உண்மையிலேயே நிறைந்துதான் இருந்தது. அதை ரசித்துவிட்டு வண்டியில் ஏறச் சொன்னேன்.

தாடிக்கொம்பு தாண்டி வாய்க்கால் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. கோயிலில் கூட்டமும் இல்லை. பூசாரி பொம்மையன் வள்ளிக்கு ஒருவகையில் பெரியப்பா முறை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். என் கையிலிருந்த இரண்டு பொட்டலத்தையும் வாங்கி உருட்டிப் பார்த்து, நல்லா கட்டியிருக்கீக மாப்பிள்ளை என்று பாராட்டினார். தட்டில் போட்டுக் குலுக்கினார். அம்மன் காலடியில் வைத்தார். சூடத்தைக் கொளுத்திக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பூவுக்கு என்ன வாக்கு? ஆத்தா காது கேக்கச் சொல்லுங்க."

நான் தொண்டையைச் செருமினேன். கண்ணாடி முன்னால் பேசுகிற குரலை எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் பக்கத்தில் ஒரு குரல் கணீரென்று கிளம்பியது.

"வெள்ளைப்பூ வந்தா மாவு மிஷினுக்கு. செவப்பு வந்தா இவுக படிப்புக்கு."

எனக்குச் சூடத்தின் சூடு காலிலிருந்து ஏறியது.

"வள்ளி, நாம வீட்ல பேசுனது வேற மாதிரியில்ல?"

"அப்பிடியா?" நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "மாத்திச் சொல்லிட்டேன் போல. சரி, இதும் நல்லாத்தான இருக்கு. மாவு வெள்ளை. உங்க பொஸ்தகத்து அட்டை செவப்பு. மறக்காதுல்ல."

"இல்ல, பேசுனபடி..."

வள்ளி திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று நான் ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்திருக்கிறேன். அதில் பார்க்கப்படுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று போடவில்லை.

"ஏங்க, ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. எதுக்கு எதுன்னு சொன்னா என்ன? உங்களுக்கு ஏதும் வித்தியாசம் தெரியுதா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் விடை இருக்காது. ஆமாம் என்றால் ஏன் என்பார்கள். பொட்டலத்தைப் பிரி என்பார்கள். காளியம்மன் எதிரில், மாமனார் முறை ஆளுக்கு முன்னால், இரண்டு மல்லிப் பொட்டலம்.

"எனக்கென்ன வித்தியாசம்" என்றேன். குரல் சிங்கத்துடையது இல்லை.

கட்டின பொட்டலத்தை மட்டும் ஒருதரம் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று கை நீட்டினேன். பொம்மையன் தட்டை நகர்த்திக்கொண்டார். ஆத்தா முன்னால் வாக்குச் சொல்லிவிட்டால் அதுதான் கணக்கு, அதன் பிறகு பொட்டலத்தில் கை வைப்பது குடும்பத்துக்கு ஆகாது என்றார். நெருக்கடியில் மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டால் வழி பிறக்கும் என்று படித்தது நினைவு வந்தது. இழுத்தேன். இரண்டாவது மூச்சில் பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துவிட்டார். மூன்றாவது மூச்சில் நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

வேறென்ன இருக்கும்? அந்தக் கோயிலில் அன்றைக்கு வேறு பூவே கிடையாது.

வள்ளி கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண்ணோரம் ஈரம் இருந்தது. அது பக்தியா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொம்மையன் குங்குமத்தோடு அந்தச் சரத்தையும் அவளிடம் கொடுத்து, ஆத்தா மனசு வச்சுட்டா, மிஷினைப் போடு தாயி என்றார். என்னைப் பார்த்து, வருத்தப்படாதீக மாப்பிள்ளை, எல்லாம் அவ விளையாட்டு என்று ஆறுதல் சொன்னார். நான் அரைஞாணிலிருந்து முன்னறைச் சாவியை அவிழ்த்தேன். முடிச்சு கொஞ்சம் இறுகியிருந்தது. வள்ளி பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

போனது போகட்டும், மானமாவது மிஞ்சியது என்று நான் செருப்பை மாட்டப் போகும்போதுதான் அவள் பூசாரியிடம் அடுத்த வார்த்தை சொன்னாள்.

"பெரியப்பா, அந்த இன்னொரு பொட்டலத்தையும் குடுங்க. வீணா வாடிப் போகும்."

"அது எதுக்கு வள்ளி?" என்று நான் பாய்ந்தேன். "அரளிய யாராச்சும் தலையில வைப்பாகளா?"

"தலையில வைக்கிறேன்னு யாரு சொன்னா? வீட்ல சாமி படத்துக்குப் போடுறேன்."

பொம்மையன் எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். நான் ஓட்டினேன். பின்னால் அந்தப் பொட்டலம் வெடிகுண்டு மாதிரி வந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. யாரும் எதிரே வரவில்லை. வள்ளி ஒன்றும் கேட்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. மௌனத்தால் எதிராளியைப் பணிய வைக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது பச்சை உண்மை என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

தாடிக்கொம்பு நெருங்கும்போது தாங்க முடியாமல் வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நார் அவிழ்ந்திருந்தது. பூசாரி கொடுத்த சரம் ஏற்கனவே அவள் கொண்டையில் இருந்தது. வீங்கிய கையை மெதுவாகத் தூக்கி, அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது மல்லிச்சரத்தையும் செருகிக்கொண்டிருந்தாள். தலை நிறைய வெள்ளை. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. நன்றாக இருந்தாள். அதுவும் சேர்ந்து என்னை வாட்டியது.

கண்ணாடியில் நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள். சரத்தை ஒருதரம் தொட்டுச் சரிசெய்துகொண்டாள்.

"செத்த வெரசாப் போங்க. பதினோரு மணிக்கு மிஷினை எறக்க வாரோம்னு சொல்லியிருக்காக. நேத்துக் காலையிலயே போன் போட்டு வரச் சொல்லிட்டேன்."

நேற்றுக் காலை. கரண்டிச் சத்தம் நின்ற அதே காலை. அந்த வாசகத்தை நான் மூன்று முறை படித்தேன். அவளுக்கு ஒருமுறை கேட்டதே போதுமாக இருந்திருக்கிறது.